சனிக்கிழமை காலையில் பிரெய்ரிக்குப் போகிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். சில வருடங்களாகச் சனிக்கிழமைக் காலைகள் எனக்குப் புல்வெளியில்தான் கழிகின்றன. களை பிடுங்குவது, விதை பறிப்பது, வசந்தம் வந்தால் தீ வைப்பது. கோயிலிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் பார்க்கிற நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் தாவரவியல் படித்தவன் இல்லை. கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டும், கையால் தொட்டும் தெரிந்துகொண்டவை இவை.

பள்ளிக்கூடத்தில் ‘பொருத்துக’ பகுதியில் வருமே, அந்தப் பிரெய்ரியா?

அதேதான். ஸ்டெப்பி, பாம்பாஸ், பிரெய்ரி என்று வரிசையாக எழுதிக் கோடு போட்டோமே, அது. பிரெஞ்சுக்காரர்கள் புல்வெளிக்கு வைத்திருந்த சொல் அப்படியே இங்கே நிலைத்துவிட்டது.

பாடப்புத்தகம் சொல்லாத ஒன்று, பிரெய்ரியில் வகைகள் உண்டு. ராக்கி மலைக்குப் பக்கத்தில் மழை குறைவு, புல்லும் கணுக்கால் உயரம்தான். கிழக்கே வர வர மழை கூடும், புல்லும் உயரும். கான்சாஸின் கிழக்குப் பகுதி, அயோவா, இல்லினாய் பக்கம் வரும்போது ஆளையே மறைக்கும். அதைத்தான் உயரப்புல் பிரெய்ரி என்கிறோம். அதன் முதன்மையான புல்லுக்கு பிக் புளூஸ்டெம் என்று பெயர். நல்ல மழை பெய்த வருடத்தில் எட்டு அடியைத் தாண்டும். கதிர் மூன்றாகப் பிரிந்து நிற்பதால் வான்கோழிக் கால் என்றும் சொல்வார்கள். கரும்பு, சோளம், மக்காச்சோளம், வெட்டிவேர் எல்லாம் இந்தப் புல்லுக்குப் பங்காளிகள்.

அதில் அப்படி என்ன அழகு? புதர் மாதிரிதானே இருக்கிறது?

காரில் போகும்போது எனக்கும் அப்படித்தான் தெரியும். அருவியும் மலையும் தூரத்திலிருந்தே நம்மைக் கூப்பிடும். இது கூப்பிடாது, நாமாக இறங்கிப் போய்க் குனிய வேண்டும்.

மே மாதம் போனால் முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் இருக்காது. ஷூட்டிங் ஸ்டார் என்ற பூ இதழ்களைப் பின்னால் மடக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். ஜூனில் ஸ்பைடர்வோர்ட், நீலமும் ஊதாவும் கலந்த நிறம். காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும், பதினொரு மணிக்கு எழுந்து வருகிறவர்களுக்குக் கிடைக்காது. ஜூலைதான் திருவிழா. ஊதா நிறக் கதிராக பிளேசிங் ஸ்டார், ஆரஞ்சு நிறத்தில் மில்க்வீட், முள் உருண்டையாக ராட்டில்ஸ்னேக் மாஸ்டர், எல்லாவற்றுக்கும் மேலே தலை நீட்டிக்கொண்டு மஞ்சள் பூவோடு காம்பஸ் செடி. பெயர் சும்மா வைக்கவில்லை. நடுப்பகல் வெயில் நேராக விழாதபடி தன் இலைகளைத் திருப்பிக்கொள்வதால் விளிம்புகள் வடக்கு தெற்காக நிற்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதன் உறவுச் செடியான பிரெய்ரி டாக்கை. முறம் போல அகலமான, சொரசொரப்பான இலை. ஜூலை மாத மதியத்தில், தலை கொதிக்கும் வெயிலில், அந்த இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன். மண்பானையைத் தொட்ட மாதிரி சில்லென்று இருக்கும். ஆழத்தில் வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியாக ஆவியாகிக்கொண்டே இருப்பதுதான் காரணம். முகம் சுளித்துக்கொண்டு வந்த பத்தாம் வகுப்புப் பையன்கூட இரண்டாவது இலையைத் தானே தேடிப் போயிருக்கிறான்.

ஆகஸ்டில் டிராப்சீடு என்ற புல் பூக்கும். அந்தப் பக்கம் போனாலே கொத்தமல்லி வாசம். பாப்கார்ன் வாசம் என்று இங்கிருப்பவர்கள் சொல்வார்கள், அவரவர் சமையலறை அவரவர் மூக்கில். அக்டோபரில் பூவெல்லாம் முடிந்து புல் செம்பு நிறத்துக்கு மாறும். சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழும்போது பார்க்க எனக்குப் பிடித்த பருவம் அதுதான், மற்றவர்கள் ஜூலை என்பார்கள்.

அவ்வளவு பெரிய புல்வெளி எங்கே போனது?

கார்ன் ஃபிளேக்ஸ் டப்பாவுக்குள்.

வட அமெரிக்காவில் உயரப்புல் பிரெய்ரி மட்டும் ஏறக்குறைய 17 கோடி ஏக்கர் இருந்தது. ஐந்து தமிழ்நாட்டை அடுக்கி வைத்தாலும் மிச்சம் இருக்கும். இன்று 4 சதவீதம்கூட இல்லை. அதிலும் பெரும்பகுதி கான்சாஸின் பிளிண்ட் ஹில்ஸ் என்ற மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கே மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும் இருப்பதால் ஏர் இறங்கவில்லை. கல்தான் காப்பாற்றியது.

இல்லினாய்க்குப் ‘பிரெய்ரி மாநிலம்’ என்றே பட்டப்பெயர். 1820 வாக்கில் இங்கே 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. உழவு படாமல் நல்ல நிலையில் இன்று தப்பியிருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர். சதவீதம் போட்டால் புள்ளிக்குப் பிறகு பூஜ்யம் வரும். அயோவாவிலும் இதே கதை.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் இந்த நிலத்தை உழ முடியாமல் திணறியிருக்கிறார்கள். வேர்கள் பின்னிக் கிடக்கும் ஈர மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொள்ளும். நாலடிக்கு ஒரு தடவை நின்று வழித்துப் போட வேண்டும். 1837-இல் இல்லினாயின் கிராண்ட் டிட்டூர் என்ற சிற்றூரில் ஜான் டீர் என்ற கொல்லர் மெருகேற்றிய எஃகில் கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிப் போனது. நம் ஊரில் பச்சை நிற டிராக்டராக ஓடுகிறதே, அந்த ஜான் டீர்தான். பள்ளமான, தண்ணீர் தேங்கும் பிரெய்ரிகள் இன்னும் கொஞ்ச காலம் தப்பின. பிறகு சுட்ட களிமண் குழாய்களை நிலத்துக்கடியில் புதைத்து அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டார்கள். ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் எல்லாம் முடிந்தது.

மண் ஏன் அவ்வளவு கறுப்பு? நம் கரிசலா?

என் அப்பாவும் இதைத்தான் கேட்டார். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்தவர். ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்தவரை ஒரு சனிக்கிழமை கூட்டிப் போனேன். போனதும் பூவையெல்லாம் பார்க்கவில்லை. வளைக்கு வெளியே ஏதோ விலங்கு தோண்டிப் போட்டிருந்த மண்ணைக் கையில் அள்ளினார். “ஏலே, நம்ம கரிசலுல்ல” என்றார். பிறகு பாட்டில் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டுப் பிசைந்தார். “இல்ல. இது வேற. கரிசலா இருந்தா இந்நேரம் கைய விடாது.”

சரியாகத்தான் சொன்னார். கரிசலின் கறுப்புக்கு மக்கு பெரிய காரணம் இல்லை. அது களிமண்ணின் குணம், நனைந்தால் பிசுபிசுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பிரெய்ரி மண்ணின் கறுப்பு முழுக்க மக்கிய வேர். புல்லின் உடம்பில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. பிக் புளூஸ்டெம்மின் வேர் ஆளுயரத்துக்கும் மேல் இறங்கும், காம்பஸ் செடியின் ஆணிவேர் அதைவிட ஆழம். வருடா வருடம் அந்த வேர்களில் ஒரு பங்கு செத்து மக்கும், புதிது முளைக்கும். ஆயிரக்கணக்கான வருடங்கள் இப்படியே நடந்ததில் சேர்ந்தது அந்தக் கறுப்பு. நெல்லுக்குப் பாயும் தண்ணீர் புல்லுக்கும் பொசியும் என்போம் நாம். இங்கே கதை தலைகீழ். புல் சேர்த்து வைத்துவிட்டுப் போனதை மக்காச்சோளம் நூற்றைம்பது வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

மிச்சம் இருப்பது எங்கே?

பிளிண்ட் ஹில்ஸை விட்டால், யாரும் எதிர்பார்க்காத இடங்களில்.

ஒன்று, பழைய கல்லறைத் தோட்டம். முதலில் குடியேறியவர்கள் உழுவதற்கு முன்பே ஒரு மூலையை இடுகாடாக ஒதுக்கிவிட்டார்கள். சுற்றி எல்லாம் வயலானது, அந்த ஓர் ஏக்கர் மட்டும் ஏர் படாமல் நின்றது. நேப்பர்வில்லில் இருக்கும் வெர்மாண்ட் கல்லறைப் பிரெய்ரி அப்படிப்பட்டது. பரப்பு ஓர் ஏக்கர்தான். ராபர்ட் பெட்ஸ் என்ற உயிரியல் பேராசிரியர் இந்த மாதிரிக் கல்லறைகளைத் தேடி இல்லினாய் முழுக்க அலைந்தவர். இன்று நாங்கள் விதைக்கும் செடிகளில் பலவற்றுக்குத் தாய் விதை கிடைத்தது செத்தவர்கள் காவல் காத்த அந்தத் துண்டு நிலங்களில்தான்.

இன்னொன்று, ரயில் பாதையோரம். தண்டவாளத்துக்கும் வேலிக்கும் நடுவே உழ முடியாது, எஞ்சினின் தீப்பொறி பட்டு அவ்வப்போது எரியவும் செய்யும். புல்லுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

எனக்கு நெருக்கமான இடம் வெஸ்ட்செஸ்டரில் உள்ள உல்ஃப் ரோடு பிரெய்ரி. 1920களில் மனைபோட்டு விற்க நடைபாதைகூடப் போட்டுவிட்டார்கள். பொருளாதார மந்தம் வந்து எல்லாரும் கையை விரித்ததும் வீடு எழும்பவே இல்லை. இன்றும் ஆளுயரப் புல்லுக்கு நடுவே சிமெண்ட் நடைபாதை கோடு போட்டாற்போல் போகிறது. அது கொண்டுபோய் விட வேண்டிய வீடுகள்தான் இல்லை.

ஏன் தீ வைக்கிறீர்கள்? பாவம் இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் முகத்தில் உண்மையான வருத்தம் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது.

நுணுக்கம் இதுதான். பிரெய்ரிப் புற்களும் செடிகளும் வெயில் ஏறிய பிறகே எழுகிறவை. மார்ச் கடைசியில், ஏப்ரல் தொடக்கத்தில் அவற்றின் முளை மண்ணுக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்த புல்வகைகள், நம் வீட்டு வாசலில் வெட்டி வெட்டி வளர்க்கிறோமே கென்டகி புளூகிராஸ், அது மாதிரியானவை, குளிர் விட்டதும் முதல் ஆளாகப் பச்சை பிடித்துவிடும். அந்த நேரம் பார்த்துத் தீ வைத்தால் முழித்திருப்பவனுக்கு அடி, தூங்குகிறவனுக்கு ஒன்றும் இல்லை. புதராக ஏறும் மரக்கன்றுகளும் கருகும். தரையை மூடிக் கிடக்கும் பழைய சருகு சாம்பலாகிக் கறுத்த தரை வெயிலை வாங்கிச் சூடாகும். முளைகள் வேகமாக எழும்.

வைக்கிற முறையைச் சொல்கிறேன். காலையில் முதல் வேலை காற்றின் திசை, வேகம், ஈரப்பதம் மூன்றையும் அளப்பது. ஒன்று சரியில்லை என்றாலும் அன்று தீ கிடையாது, எல்லாரும் காபி குடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருந்தால் மஞ்சள் நிறத் தீயணைப்புச் சட்டை, தலைக்கவசம். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்த ஓரத்தில் முதலில் பற்றவைப்போம். டீசலும் பெட்ரோலும் கலந்த டிரிப் டார்ச், பூவாளி போல மூக்கு நீண்டது, அதன் நுனியிலிருந்து தீ சொட்டுச் சொட்டாக விழும். காற்றுக்கு எதிராகத் தீ மெல்ல ஊர்ந்து பின்வாங்கும். கோலில் கட்டிய ரப்பர்த் தட்டையால் ஓரத்தை அடித்து அணைத்துக்கொண்டே போவோம். அகலமான கறுப்புப் பட்டை ஒன்று உருவாகும். பிறகு பக்கவாட்டிலும் அப்படியே. கடைசியில்தான் காற்று வரும் பக்கம் வைப்பது. அப்போது எழும் பாருங்கள், இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் போல, கல்யாண மண்டப வாசலில் பத்தாயிரம் வாலா வெடிக்கிற சத்தத்தோடு. எதிரே இருக்கும் கறுப்புப் பட்டையைத் தொட்டதும் தின்ன எதுவும் இல்லாமல் பொசுக்கென்று அடங்கிவிடும். இரண்டு மணி நேர ஏற்பாட்டுக்கு ஐந்து நிமிடக் கூத்து.

முழு நிலத்தையும் ஒரே வருடத்தில் எரிப்பதில்லை. காய்ந்த தண்டுகளுக்குள் பூச்சிகளின் முட்டையும் கூட்டுப்புழுவும் இருக்கும், அவற்றுக்கு ஒரு பங்கை விட்டுவைப்போம். எரிந்த இடத்தை இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். கறுப்புத் துணியில் பச்சை ஊசி குத்தின மாதிரி இருக்கும்.

இந்தத் தீ வைக்கும் யோசனை யாருடையது?

விஞ்ஞானிகள் 1940களில் விஸ்கான்சினில் சோதனை செய்து நிரூபித்தார்கள். ஆனால் பொட்டவாட்டமி, ஓசேஜ், கா போன்ற பூர்வகுடிகள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பிருந்தே வைத்துக்கொண்டிருந்தார்கள். மேய வரும் பைசன் என்ற காட்டெருமைக்கு இளம்புல் வேண்டும், நடக்க வழி வேண்டும், வேட்டைக்கு வெளி வேண்டும். அவர்களைத் துரத்தியதும் தீயும் நின்றது.

சிகாகோவைச் சுற்றிப் பொட்டவாட்டமிகளிடம் மிச்சம் இருந்த நிலம் 1833 ஒப்பந்தத்தில் எழுதி வாங்கப்பட்டது. அவர்களில் ஒரு பிரிவுக்குப் பிரெய்ரி பேண்ட் என்றே பெயர், இப்போது இருப்பது கான்சாஸில். 2024 ஏப்ரலில் இல்லினாயின் டிகால்ப் மாவட்டத்தில் 130 ஏக்கரை மத்திய அரசு அவர்கள் பேரில் மறுபடி அங்கீகரித்தது. ‘மனிதக் கை படாத இயற்கை’ என்று யாராவது பிரெய்ரியைப் பற்றி எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கை பட்டதால்தான் அது பிரெய்ரியாக இருந்தது.

வேலி போட்டு சும்மா விட்டால் தானாக வளராதா?

வளரும், ஆனால் பிரெய்ரி வளராது. எங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே அப்படி விட்ட ஒரு வயல் இருக்கிறது. இப்போது பக்தார்ன் என்ற முட்புதரும் ஹனிசக்கிளும் மண்டி உள்ளே வெளிச்சமே விழுவதில்லை. கீழே வெறும் மண்.

சரி, புதிதாக உருவாக்குவது எப்படி?

முதலில் முயன்றவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காரர்கள். மேடிசனில் 1930களின் நடுவில், பஞ்ச காலத்தில் வேலை இல்லாத இளைஞர்களுக்கு அரசு கொடுத்த வேலைத்திட்டத்தின் ஆட்களை வைத்து, பழைய பண்ணை நிலத்தில் பிரெய்ரிச் செடிகளை நட்டார்கள். சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டு இந்த முயற்சியின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். இன்று அதற்குக் கர்டிஸ் பிரெய்ரி என்று பெயர், 70 ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். 1962-இல் லைல் ஊரின் மார்ட்டன் தாவரத் தோட்டத்தில் ரே ஷூலன்பெர்க் தொடங்கியது அடுத்த பெரிய முயற்சி. அவர் ஆட்கள் நாற்றாக வளர்த்துக் கையால் நட்டார்கள், நம் நடவு மாதிரி.

சுவாரசியமான கதை ஃபெர்மிலாபுடையது. படேவியாவில் அணுத்துகள்களை மோதவிடும் ஆய்வுக்கூடம். துகள்கள் சுற்றும் வளையத்துக்கு நடுவே பெரிய நிலம் சும்மா கிடந்தது. முன்னே சொன்ன ராபர்ட் பெட்ஸ் அங்கே போய், இதில் பிரெய்ரி வளர்க்கலாம், ஆனால் பத்து வருடமோ இருபது வருடமோ ஆகும் என்றாராம். அப்போதைய இயக்குநர் ராபர்ட் வில்சன், அப்படியானால் இன்று மதியமே தொடங்கிவிட வேண்டியதுதான் என்றாராம். இங்கே தன்னார்வலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதை இது. 1975-இல் தொடங்கியது, இன்று ஏறக்குறைய 1000 ஏக்கர்.

எங்கள் வேலை சின்ன அளவில்தான். ஜூன் முதல் நவம்பர் வரை விதை பறிப்போம். ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு வாரம் முற்றும். பக்கத்து வட்டாரத்தில் கிடைத்த விதையாக இருக்க வேண்டும் என்பது விதி, தூரத்து விதைக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துவராமல் போகலாம். பறித்ததைக் காயவைத்து, கம்பி வலையில் தேய்த்து, சல்லடையில் சலிப்போம். பெர்கமாட் என்ற செடியின் விதையைத் தேய்க்கும் நாளில் கொட்டகை முழுக்க ஓம வாசனை. ஓமத்தில் இருக்கும் அதே தைமால்தான் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மில்க்வீட் காயை உடைத்தால் எருக்கம் பஞ்சு. அதுவும் எருக்கின் சொந்தக்காரச் செடிதான், ஒடித்தால் பால் வரும். இங்கே மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு அதைத் தவிர வேறு எதையும் தின்னாது. நம் ஊர் எருக்கில் முட்டையிடும் பட்டாம்பூச்சி இதற்கு ஒன்றுவிட்ட தங்கை.

விதைப்பது நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பரில், பனி விழுவதற்கு முன். கடைசியாக சோயா அறுத்த நிலமாக இருந்தால் களை குறைவு. நூறு வகை விதையை ஈர மரத்தூளோடு கலந்து வாளியில் எடுத்துக்கொண்டு வரிசையாக நடந்து வீசுவோம். குளிரில் நனைந்து உறைந்து கிடந்தால்தான் பல விதைகளுக்கு உறக்கம் கலையும். ஃப்ரிட்ஜில் வைத்தும் செய்யலாம், ஆனால் ஊரே ஃப்ரிட்ஜாக இருக்கும்போது எதற்கு.

எத்தனை வருடத்தில் பிரெய்ரி ஆகும்?

முதல் வருடம் தூங்கும், இரண்டாம் வருடம் தவழும், மூன்றாம் வருடம் தாவும் என்று இங்கே சொல்வழக்கு உண்டு. முதல் கோடையில் பார்த்தால் முழுக்கக் களைதான் தெரியும். விதைத்தவன் வயிற்றில் புளியைக் கரைக்கும். விரல் நீள நாற்று கீழே முழம் நீள வேரை இறக்கிக்கொண்டிருக்கும், அது நம் கண்ணுக்குத் தெரியாது. களை பூக்காதபடி உயரத்தில் வைத்து வெட்டிவிட்டுக்கொண்டே பொறுத்திருக்க வேண்டும். ஐந்தாம் வருடம் படம் எடுக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிடும். காம்பஸ் செடி பூக்க இன்னும் சில வருடம் ஆகலாம். அது ஒரு மனித ஆயுள் வாழ்கிற செடி, அவசரமே இல்லை.

பழைய பிரெய்ரிக்கு இது சமமாகிவிடுமா என்று கேட்டால், இல்லை. கல்லறை ஏக்கரில் மண்டியிட்டு ஒரு சதுர அடியை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செடிகள் ஒன்றுக்குள் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் நடவில் உயரப்புல்தான் அடாவடியாக இடம் பிடிக்கிறது. அதன் வேரில் ஒட்டி உறிஞ்சி அதை அடக்கிவைக்கும் உட் பெட்டனி மாதிரிச் செடிகளை இப்போதுதான் கொண்டுவருகிறோம். மண்ணின் பூஞ்சை, பூச்சி எல்லாம் சேர எவ்வளவு காலமோ. அதனால்தான் ஓர் ஏக்கர் பழைய பிரெய்ரியை இடித்துவிட்டு வேறிடத்தில் பத்து ஏக்கர் நட்டுத் தருகிறோம் என்று யாராவது திட்டத்தோடு வந்தால் நாங்கள் கூட்டத்தில் எழுந்து நிற்போம். கணக்கு நேராகாது.

பைசன் உண்டா?

உண்டு. இல்லினாயிலேயே நச்சூசா புல்வெளியில் 2014-இலும் மிடேவினில் 2015-இலும் கொண்டுவந்து விட்டார்கள். மிடேவின் ஒரு காலத்தில் ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை, மண் மூடிய வெடிகுண்டுக் கிடங்குகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பைசன் பெரும்பாலும் புல்லைத்தான் மேயும், பூச்செடியை அதிகம் தொடாது. அதனால் பூவுக்கு இடம் கிடைக்கும். புரண்டு புரண்டு அது உண்டாக்கும் பள்ளத்தில் மழைநீர் தேங்கி வேறு செடிகள் வரும். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். செல்ஃபிக்குப் பக்கத்தில் போகாதீர்கள், பார்க்க மந்தமாக இருக்கும், ஓடினால் குதிரை வேகம்.

இதற்குப் பதில் மரம் நட்டால் பூமிக்கு நல்லதுதானே?

மரம் நடுவது நல்லது என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித்தந்துவிட்டார்கள். எந்த இடத்தில் என்று சொல்லித்தரவில்லை. புல்வெளி தன் கார்பனை மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது, மேலே தீ பிடித்தாலும் அது அங்கேயே இருக்கும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007 முதல் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே பத்தில் ஒரு பங்கில் பிரெய்ரிப் பட்டைகளை விதைத்துப் பார்த்தார்கள். மழையில் அடித்துப் போகும் மண் மிகப் பெரிய அளவில் குறைந்தது. விவசாயிகளே இப்போது கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்.

நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டுக்கு நடுவே இருந்த புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். இப்போது அதைப் பிடுங்கிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். ஆனால் இங்கே செய்கிற மாதிரி அங்கே போய்த் தீ வைத்துவிடாதீர்கள். வாட்டில் விதை தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும்.

பாம்பு, பூச்சி?

பாம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், உண்ணியைப் பற்றிக் கவலைப்படுங்கள். எள்ளளவு உண்ணி லைம் நோயைக் கொண்டுவரும். பேண்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு உடம்பைப் பாருங்கள்.

காட்டு பார்ஸ்னிப் என்ற மஞ்சள் பூக் களையை வெறும் கையால் தொடாதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும். முதல் வருடம் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வீரமாகப் பிடுங்கினேன். தோசைக்கல் பட்ட மாதிரிக் கொப்புளம், தழும்பு மறைய அடுத்த தீபாவளி ஆயிற்று.

விதை கொஞ்சம் ஊருக்குக் கொண்டுபோகலாமா?

கூடாது. விமான நிலையத்தில் தாவரச் சோதனை இருக்கிறது என்பது ஒரு பக்கம். ஓர் ஊரின் ராஜா இன்னோர் ஊரில் களையாகிவிடும் என்பது பெரிய பக்கம்.

அப்பா கிளம்புவதற்கு முந்தின வாரம் விதை பறிக்க எங்களோடு வந்தார். இந்தியன் கிராஸ் என்ற புல், பொன்னிறக் கதிர், அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி கட்டும்போது அவர் சட்டைப் பையில் இரண்டு கதிர் இருந்தது. “சோளத்தட்ட மாதிரியே இருக்குலே. மாடு விடாது” என்றார். சீமைக் கருவேலமும் விறகுக்கு நல்லது என்றுதான் இந்தப் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வந்தது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கண்மாய்க்கரையை நினைத்திருப்பார். பிறகு கதிரை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

நவம்பர் விதைப்பில் அதையும் உதிர்த்து வாளியில் சேர்த்துவிட்டேன்.